விடுமுறைக்கு ஊரில் இருக்கும்போது குழந்தைக்குப் பல் அடிபட்டால் முதலில் என்ன செய்வது?

வேப்பமரத்தடி எழுதியது:

பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டி பக்கம் மாமியார் ஊருக்குப் போகிறேன். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. நாத்தனார் பிள்ளைகளும் வந்துவிட்டால் வீட்டில் ஒரு பட்டாளமே இருக்கும். திண்ணை, மோட்டார் கொட்டகை, வாடகை சைக்கிள், எதிலிருந்து வேண்டுமானாலும் விழுவார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் என்ன எடுத்துப்போக வேண்டும் என்று தெரியும். பல் விஷயத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பல் விழுந்தாலோ, நடு ராத்திரி கன்னம் வீங்கினாலோ என்ன செய்வது? எதைச் செய்யவே கூடாது? மாமியாரிடம் கேட்டால் கிராம்பு எண்ணெய் என்பார்கள். எனக்கு அதுவும் தெரியாது.

---

பல்லாண்டு எழுதியது:

குழந்தைகளுக்கான பல் மருத்துவராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அடிபட்டது பால் பல்லா, விழுந்து முளைத்த பல்லா என்பது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் சின்னவளுக்கு வாயில் இருக்கும் இருபதும் பால் பற்கள். பெரியவனுக்குக் கீழ் முன்பற்கள் ஆறேழு வயதில் மாறியிருக்கும், மேல் முன்பற்கள் ஏழெட்டு வயதில் மாறும். புதுப் பல் பெரிதாக, கொஞ்சம் மஞ்சளாக, விளிம்பில் ரம்பம் மாதிரி மேடு பள்ளத்தோடு இருக்கும். இப்போதே அவன் வாயைத் திறக்கச் சொல்லி எது எது மாறியிருக்கிறது என்று பார்த்து வைத்துவிடுங்கள். ரத்தத்துக்கு நடுவில் நின்று அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பால் பல் முழுசாக விழுந்துவிட்டால் திரும்ப வைக்கவே கூடாது. அதன் வேருக்குப் பின்னாலேயே அடுத்த பல்லின் முளை இருக்கிறது. திருப்பிச் செருகினால் அந்த முளையைத்தான் குத்துவோம். சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்தி, ரத்தத்தை நிறுத்தி, மறுநாள் காட்டினால் போதும்.

விழுந்து முளைத்த பல் முழுசாக விழுந்தால் கதையே வேறு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொட வேண்டாம். வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. பல் மறுபடி பிடிப்பதே அவற்றால்தான். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரிலோ சில விநாடி அலசுங்கள். தேய்க்கவோ சுரண்டவோ சோப்பு போடவோ கூடாது. அப்புறம் அதே குழியில் மெதுவாகத் தள்ளி உட்காரவைத்து, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிப் புறப்படுங்கள். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்தால் அந்தச் செல்கள் பெரும்பாலும் செத்துவிடும். கால் மணி நேரத்துக்குள் குழிக்குள் போய்விட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

---

கொல்லிமலைத்தேன் எழுதியது:

டாக்டர், எழுதுவதற்கு நன்றாக இருக்கிறது. அலறுகிற பிள்ளையின் வாயில், ரத்தம் வழியும்போது, ஒரு அம்மா பல்லைத் தள்ளிச் செருகுவாளா? தலைகீழாகவோ முன்பின்னாகவோ வைத்துவிட்டால்? இதெல்லாம் மருத்துவமனையில் செய்கிற வேலை. வீட்டில் இருப்பவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்பது என் கருத்து.

---

பல்லாண்டு எழுதியது:

நியாயமான கேள்வி. முடியாதவர்கள் செய்ய வேண்டாம், குழந்தை விடவில்லை என்றாலும் வேண்டாம். குழந்தை மயங்கியிருந்தால், கடுமையான இதய நோய் இருந்தால், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற குழந்தையாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

ஆனால் முன்பின் பற்றி அவ்வளவு பயம் தேவையில்லை. உதட்டுப் பக்கம் வழுவழுப்பாகப் புடைத்திருக்கும், நாக்குப் பக்கம் குழிந்திருக்கும். பக்கத்துப் பல்லைப் பார்த்தால் புரிந்துவிடும். குழி மரத்துப்போயிருக்கும் அந்த முதல் சில நிமிடங்களில் பிள்ளைக்கு நாம் நினைக்கிற அளவு வலிப்பதும் இல்லை. லேசாகக் கோணி உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அதை நாங்கள் நேராக்கிவிடுவோம். காய்ந்துபோன பல்லுக்கு மட்டும்தான் எங்களிடம் மருந்து கிடையாது.

செருக முடியவில்லை என்றால் பாலில் போடுங்கள். சர்வதேசப் பல் காயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலும் வீட்டில் கிடைக்கிற பொருள்களில் பாலுக்குத்தான் முதலிடம். குளிர்ந்த, காய்ச்சாத பாக்கெட் பால் நல்லது. காய்ச்சி ஆறிய பாலும் சரி. சூடான பால், தயிர், மோர் கூடாது. பால் கிடைக்கும் வரை ஒரு சின்னக் கிண்ணத்தில் பிள்ளையைத் துப்பச் சொல்லி, அந்த எச்சிலில் போட்டு வையுங்கள். பெரிய பிள்ளை என்றால் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளலாம் என்பார்கள். எட்டு வயதுப் பையனிடம் அதை நான் நம்ப மாட்டேன், விழுங்கிவிடுவான். சமையலறையில் சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால், எச்சிலோடு சேர்த்து இறுக்கமாகச் சுற்றலாம், ஈரம் காயாது.

---

பிடிமாஸ்டர் எழுதியது:

உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மைதானத்தில் பல் விழுந்தால் பையன்கள் செய்கிற முதல் காரியம், அதைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது. இரண்டாவது, நோட்டுக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போடுவது. டாக்டர் சொல்வதைப் பார்த்தால் இரண்டுமே பல்லுக்குக் கொலை. எங்கள் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, அயோடின் எல்லாம் உண்டு. பால் மட்டும் கிடையாது. வாசல் டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், கேட்டால் அடுப்பில் ஏற்றாத பாக்கெட்டைக் கொடுப்பார்.

கிராமத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பல் விழுந்தது என்றதும் யாராவது பாட்டி அதைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிந்துவிடுவார். பால் பல்லுக்கு அது அழகான வழக்கம்தான். ஆறு வயது தாண்டிய பிள்ளை அடிபட்டு விழுந்த பல் என்றால், கூரைக்குப் போகும் முன் ஒருவர் தடுத்து நிறுத்துங்கள். வேர் நீளமாக இருந்தால் அது நிரந்தரப் பல் என்று தெரிந்துகொள்ளலாம் இல்லையா?

---

பல்லாண்டு எழுதியது:

மாஸ்டர், அந்தக் கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். தானாக ஆடி விழுகிற பால் பல்லுக்கு வேர் கரைந்துபோயிருக்கும், அதனால் குட்டையாக இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அடிபட்டு விழுந்த பால் பல்லிலோ வேர் முழு நீளமும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் செருகிவிடப் போகிறார்கள். வயதை வைத்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது என்று பல்லைத் தூக்கிப்போடவும் வேண்டாம். தாமதமாக வைத்த பல் காலப்போக்கில் எலும்போடு ஒட்டிக் கரையலாம். ஆனாலும் வளரும் வயதில் சில வருடம் அந்த இடத்தையும் எலும்பையும் காப்பாற்றிக் கொடுக்கும்.

---

நல்லூர்க்காற்று எழுதியது:

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். எங்கட வீட்டில் பால் என்றால் அநேகமாகப் பால்மாதான். பிள்ளைக்குப் பல் விழுந்தால் பால்மாவைக் கரைத்து அதற்குள் போடலாமோ? இளநீர் நல்லது என்றும் ஒருவர் சொன்னவர். அது மரத்தில் எப்பவும் இருக்கு.

---

பல்லாண்டு எழுதியது:

சீனி போடாமல், ஆறின தண்ணீரில் வழக்கமான அளவில் கரைத்த பால்மா வெறும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். கரைக்கிற நேரத்தில் பல் காயக்கூடாது, அதுவரை எச்சிலில் இருக்கட்டும். இளநீரை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதில் அமிலத்தன்மை கூடுதல் என்பதால் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பால் கிடைக்கும் இடத்தில் இளநீருக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

எல்லோரும் பல் விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சொத்தைப் பல் வலித்துப் பிள்ளை அழுதால் பால் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகக் கிராம்பு எண்ணெய்தான். பஞ்சில் தொட்டு வைத்தால் அடுத்த நிமிடம் தூங்கிவிடும். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் பல்லில் இருக்கிற பூச்சி எல்லாம் விழும் என்று என் பெரியம்மா செய்து பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் மருந்து மட்டும்தான் மருந்தா?

---

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

அக்கா, கிராம்பு எண்ணெயில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பது உண்மை. பல் மருத்துவர்களும் அதிலிருந்து எடுத்த யூஜினாலைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களுக்குச் சொத்தைக் குழியில் ஒரு சொட்டு வைத்தால் கேட்கும். சின்னக் குழந்தை பஞ்சை எங்கே வைத்துக்கொள்ளும்? எண்ணெய் ஈறிலும் நாக்கிலும் பட்டுப் புண்ணாகும், மீதி வயிற்றுக்குள் போகும். 5 முதல் 10 மில்லி விழுங்கிய சின்னக் குழந்தைக்கு வலிப்பும் கல்லீரல் பாதிப்பும் வந்த பதிவு மருத்துவ இதழ்களில் இருக்கிறது. கடையில் விற்கிற குப்பியே கிட்டத்தட்ட அந்த அளவுதான். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற அலமாரியில் அதை வைக்கவே வேண்டாம்.

பச்சைக் கற்பூரம், எருக்கம்பால், சுண்ணாம்பு, புகையிலை, பிராந்தி, இதெல்லாம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. கற்பூரம் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். எருக்கம்பால் வாயை வெந்துபோகச் செய்யும், தெறித்துக் கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

பல் முளைக்கிற குழந்தைக்கு ஈறில் தடவும் மரப்பு ஜெல்லும் வேண்டாம். பென்சோகெயின் உள்ள ஜெல்லை இரண்டு வயதுக்குக் கீழ் பயன்படுத்த வேண்டாம் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பூத்துப்போகும்.

வலிக்கு வீட்டில் பாராசிட்டமால் போதும். வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது பாட்டிலில்தான். ஒரே பெயரில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். 16 கிலோ பிள்ளைக்கு 200 மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்றால் முதல் பாட்டிலில் 8 மில்லி, இரண்டாவதில் 4 மில்லி, சொட்டு மருந்தில் 2 மில்லி. போன தடவை 8 மில்லி கொடுத்தோமே என்று சொட்டு மருந்தில் 8 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்துவந்த நிமுசுலைடு என்ற மருந்து 12 வயதுக்குக் கீழ் நம் நாட்டில் 2011இலேயே தடை. இன்னும் பழைய சீட்டைக் கொண்டுவந்து கேட்கிறார்கள்.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

சரி தம்பி, கிராம்பு எண்ணெயை மேலே ஏற்றி வைத்துவிடுகிறேன். ஆனால் பூச்சி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேனே!

---

பல்லாண்டு எழுதியது:

அக்கா, விழுந்தது பூச்சி மாதிரி இருந்திருக்கும், பல்லிலிருந்து விழுந்ததில்லை. சூட்டில் வெடித்து வெளியே வரும் விதையின் உள்பகுதி பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். பல்லைச் சொத்தையாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. இனிப்பைத் தின்று அது விடுகிற அமிலம்தான் பல்லை அரிக்கிறது. சூடான புகையை ஐந்து வயதுப் பிள்ளையின் வாய்க்குள் விடுவதில் ஒரு நன்மையும் இல்லை, தொண்டை வெந்துபோகலாம்.

ராத்திரி வலிக்கு அஞ்சறைப்பெட்டியிலிருந்தே ஒன்று தருகிறேன்: உப்பு. அரை தேக்கரண்டி உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில், துப்பத் தெரிந்த பிள்ளை கொப்பளிக்கலாம். அதற்கு முன் இரண்டு பல்லுக்கு நடுவில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மாம்பழ நார், பட்டாணித் தோல், கறி நார் மாட்டிக்கொண்டு ஈறு வீங்கி, சொத்தை மாதிரியே வலிக்கும். பல் நூலால் மெதுவாக எடுத்தால் வலி அதோடு போய்விடும். ஊக்கு, ஈர்க்குச்சி வேண்டாம்.

---

கொல்லிமலைத்தேன் எழுதியது:

கன்னம் வீங்கினால்? எங்கள் பக்கம் கன்னம் வீங்கினாலே பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு, மஞ்சள் பத்துப் போட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். பல்லால் வந்த வீக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பல்லாண்டு எழுதியது:

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பல் விழுந்தால் போவது பல். வீக்கத்தை விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும், காது மடலை மேலே தள்ளும், பல நேரம் இரண்டு பக்கமும் வரும். பல்லால் வருவது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் ஒரு சொத்தைப் பல்லோ, ஈறில் ஒரு கொப்புளமோ தெரியும், தட்டினால் அந்தப் பல் வலிக்கும்.

வீக்கத்தோடு காய்ச்சல் இருந்தால், கண் மூடிக்கொள்கிற அளவு மேலே ஏறினால், தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் கெட்டியாக இறங்கினால், வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் வடியவிட்டால், பேச்சு மாறினால், மூச்சுக்குத் திணறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் கிளினிக்கைத் தேடி அலையவும் வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவி மூச்சுக்குழாயை அடைக்கிற சீழ்த்தொற்றை 1836இலேயே லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்து எழுதிவிட்டார். இன்றைக்கும் அதைப் பார்க்கிறோம்.

சூடான ஒத்தடம், மஞ்சள் பத்து இரண்டும் வேண்டாம். சூடு சீழை வெளிப்பக்கம் கன்னத்துக்கு இழுத்துவரலாம். கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம். அது தானாக உடைந்து வலி நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். சீழுக்கு வழி கிடைத்ததே தவிர, கிருமி வேருக்குள் அப்படியேதான் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக் கதையும் அதுதான். நான்கு நாள் அடங்கியிருக்கும், அப்புறம் முன்னைவிடப் பெரிதாக வரும். பல்லுக்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும், பால் பல்லாக இருந்தாலும்.

---

வேப்பமரத்தடி எழுதியது:

இத்தனை பதில்களுக்கும் நன்றி. பெரியவன் வாயை நேற்றே பார்த்துவிட்டேன், மேலே இரண்டும் கீழே நான்கும் புதுசு. இன்னும் சில சந்தேகம். சின்னவள் விழுந்தாலே உதடு கிழிந்து ரத்தமாகக் கொட்டும், பார்க்கவே பயமாக இருக்கும். அதற்கு என்ன? பல் பாதி உடைந்தால்? பல் உள்ளே போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்களே, அது என்ன?

---

பல்லாண்டு எழுதியது:

வாயில் ரத்தம் எப்போதும் எச்சிலோடு கலந்து நிறையத் தெரியும். மேலுதட்டையும் ஈறையும் சேர்க்கிற சின்ன நரம்பு போன்ற தசை கிழிந்தால் கொட்டும்தான். உதட்டை வெளியிலிருந்து பல்லோடு சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் மறுபடி ஆரம்பிக்கும். பாட்டி, அத்தை, சித்தப்பா என்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்ப்பதுதான் அங்கே பெரிய தொல்லை. துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், கப் ஐஸ்கூடக் கொடுக்கலாம். கால் மணி நேரம் அழுத்தியும் நிற்கவில்லை என்றாலோ, உதட்டின் வெளி விளிம்பு பிளந்திருந்தாலோ தையல் தேவைப்படும்.

உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுவாருங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும். பெவிக்விக்கை எடுத்து வீட்டிலேயே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே இருக்கும் நரம்பு திறந்திருக்கிறது, அன்றைக்கே காட்ட வேண்டும். துண்டும் கிடைக்கவில்லை, பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறது என்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பால் பல் உள்ளே குத்திட்டுப் போனால் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே இறங்கிவிடும். அடிபட்ட பால் பல் கொஞ்ச நாளில் சாம்பல் நிறமானாலும் உடனே பிடுங்க வேண்டியதில்லை. ஈறில் கொப்புளமோ வலியோ வராதவரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கிராமத்து வீட்டில் காலையில் நடக்கிற ஒன்றையும் கவனியுங்கள். பிள்ளைகள் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கொல்லைக்கும் வாசலுக்கும் ஓடுவார்கள். தடுக்கி விழுந்து அது அண்ணத்தில் குத்தி நின்றுவிட்டால் உருவி எடுக்காதீர்கள், அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் போகிறது.

---

பிடிமாஸ்டர் எழுதியது:

ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை மாலை அரசு மருத்துவமனைக்குப் போனால் பல் டாக்டர் இருக்க மாட்டாரே, போய் என்ன பயன்?

---

பல்லாண்டு எழுதியது:

பயன் உண்டு. பணியில் இருக்கிற மருத்துவர் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பார், ரத்தத்தை நிறுத்துவார், டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போடுவார். விழுந்த பிள்ளை நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ பல்லை மறந்துவிட்டு முதலில் அங்கேதான் போக வேண்டும். செருகிய பல்லை மறுநாள் காலையில் பல் மருத்துவரிடம் காட்டினால் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டுவார், இரண்டு வாரம் இருக்கும். வேர் முழுதாக வளர்ந்த பிள்ளை என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்குவோம். எட்டு வயதில் வேர் முனை இன்னும் திறந்திருக்கும், ரத்த ஓட்டம் திரும்பவும் வாய்ப்பு உண்டு என்பதால் பொறுத்துப் பார்ப்போம்.

புறப்படும் முன், திருவாரூரிலோ மன்னார்குடியிலோ ஞாயிற்றுக்கிழமை திறக்கிற பல் கிளினிக் எது என்று விசாரித்து எண்ணைப் போனில் போட்டுவையுங்கள். கூப்பிடும்போது பிள்ளையின் வயது, எந்தப் பல், எத்தனை மணிக்கு விழுந்தது, இப்போது எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள், இந்த நான்கையும் சொன்னால் போதும்.

---

நல்லூர்க்காற்று எழுதியது:

கடைசியாக ஒன்று டொக்டர். என்ர மகளுக்கு ஆறு வயது. கீழே பால் பல் விழ முதலே பின்னுக்கு இன்னொரு வரிசை முளைக்குது. இதுவும் அவசரமோ?

---

பல்லாண்டு எழுதியது:

இல்லை. இந்த வயதில் அடிக்கடி நடக்கிறதுதான். முன்னால் இருக்கிற பால் பல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் விட்டுவிடுங்கள், அது விழுந்ததும் பின்னால் முளைத்த பல்லை நாக்கே முன்னால் தள்ளிக் கொண்டுவந்துவிடும். கொஞ்சமும் ஆடவில்லை என்றால் அடுத்த வாரம் வசதியான ஒரு நாளில் காட்டுங்கள்.